சூரிய மின்தகடுகளின் முழுப் பயனைப் பெறுவது எப்படி?

நமது மாநிலத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழை நாட்களை நீக்கிவிட்டால், ஆண்டின் பெரும்பகுதியும் வானம் தெளிந்து சூரியன் நன்கு காய்கிறது. முன்பு நெல்லையும் மிளகாயையும் உலர்த்தப் பயன்பட்ட இவ்வெயில், இன்று விளக்கெரிக்கவும் நீரிறைக்கவும் உதவுகின்றது. சோலார் பேனல் என்று அனைவரும் வழங்கும் சூரிய மின்தகடுகள் பஞ்சாயத்து அலுவலகத்தின் மொட்டை மாடியிலும், பள்ளிக் கட்டடத்திலும், தெருவிளக்குக் கம்பத்திலும், கிணற்று மேட்டிலும் காணப்படுகின்றன. மாநில அரசாங்கம் 2011-12-ஆம் ஆண்டில் தொடங்கிய சூரிய சக்திப் பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடிப் பரப்புள்ள வீடுகளில் ஐந்து விளக்குகள் சூரிய மின்சாரத்தால் எரியுமாறு அமைக்கப்பட்டன. 2019-இல் மத்திய அரசாங்கம் விவசாயிகளுக்காகக் குசும் திட்டத்தைத் தொடங்கிற்று. 2024 பிப்ரவரியில் வீட்டுக் கூரைகளுக்கென ‘சூர்ய கர்’ திட்டம் வந்தது.

தகடுகள் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், தகட்டைப் பொருத்திய நாளோடு வேலை முடிந்துவிட்டதாகக் கருதும் வழக்கம் நம்மிடையே இருந்து வருகின்றது. ஒரே ஊரில், ஒரே அளவுள்ள இரண்டு அமைப்புகளில் ஒன்று மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் மின்சாரம் தருவதுண்டு. பெரும்பாலும் இதற்குக் காரணம் தகடு வைக்கப்பட்ட இடமும், அது பேணப்படும் முறையுமே. இதனை ஆராயாமல் ‘மின்சாரம் போதவில்லை’ என்று மேலும் தகடுகள் வாங்குவது, ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். இருக்கும் தகடுகளிலிருந்து முழுப் பயனையும் பெறும் வழிகளை இங்கே எடுத்துக் கூறுவோம்.

தகட்டின் இயல்பு

சிலிக்கான் என்னும் பொருளால் ஆன சூரிய மின்கலத்தை 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தினர் உலகுக்குக் காட்டினர். தன்மீது விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே அது மின்சாரமாக மாற்றியது. இன்று கடைகளில் விற்கும் நல்ல தகடுகள் 20 பங்குக்கு மேல் மாற்றுகின்றன. ஒரு கிலோவாட் அளவுள்ள தகடுகளை அமைக்க, நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். அவ்வாறு அமைத்தால், ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் நமது மாநிலத்தில் கிடைக்கும். இந்த 4 யூனிட் என்ற கணக்கை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

தகட்டின் பின்புறம் எழுதப்பட்டிருக்கும் வாட் அளவு, பரிசோதனைச் சாலையில் 25 டிகிரி உஷ்ணத்தில், முழு ஒளியில் அளந்து குறித்த அளவாகும். நம் ஊர் மாடியில் அந்த நிலை என்றும் வாய்ப்பதில்லை. நிழல், தவறான சாய்வு, சூடு, தூசி ஆகிய நான்கும் அந்த அளவைக் குறைத்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நிழல்

ஒரு தகட்டில் பல மின்கலங்கள் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டுள்ளன. தகடுகளும் அவ்வாறே வரிசையாக இணைக்கப்படுகின்றன. வாய்க்காலில் ஓரிடத்தில் மண் அடைத்துக்கொண்டால் கடைமடை முழுவதும் நீர் குறைவதைப் போல, ஒரு கலத்தின் மேல் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுவதிலும் மின்னோட்டம் குறைந்துவிடுகின்றது. இந்த நஷ்டத்தைக் குறைக்கவே தகட்டின் பின்புறப் பெட்டியில் வழக்கமாக மூன்று டயோடுகள் வைக்கப்படுகின்றன. அவை நிழல் பட்ட பகுதியை ஒதுக்கி, மின்சாரம் மாற்று வழியில் செல்ல இடம் தருகின்றன. அப்படியும், உள்ளங்கையளவு நிழல் தகட்டின் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தியைப் பறித்துவிடக்கூடும். மேலும், நிழல் பட்ட கலம் சூடேறி நாளடைவில் கருகிப்போவதும் உண்டு.

எவ்வளவு தூரத்தில் நிழல் விழும் என்பதைக் கணக்கிட்டறியலாம். திருச்சி, கோயம்புத்தூர்ப் பகுதிகளில் மார்கழி மாதத்தில் காலை 9 மணியளவில் 10 அடி உயரமுள்ள பொருளின் நிழல் சுமார் 15 அடி நீளும். நண்பகலில் வடக்கு நோக்கி 7 அடி விழும். எனவே 20 அடித் தென்னை காலையில் 30 அடி தூரம் வரை நிழல் தரும். தகடு அமைக்கும் இடத்தைச் சித்திரை மாத நண்பகலில் மட்டும் பார்த்து முடிவு செய்தால் மார்கழியில் ஏமாற நேரிடும். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர், கொடிக்கம்பம், டிஷ் ஆண்டெனா, துணி உலர்த்தும் கயிறு ஆகிய யாவும் கவனிக்கத்தக்கவை. இன்று நடும் வேப்பங்கன்று சில ஆண்டுகளில் மாடிக்கு மேல் வளரும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தகட்டுக்காக நன்கு வளர்ந்த மரத்தை வெட்டுவது உசிதமன்று. தகட்டுக்கு வேறு இடம் தேடுவதே முறையாகும்.

சாய்வும் திசையும்

தமிழ்நாடு 8 பாகை முதல் 13½ பாகை வரையுள்ள வட அட்சங்களுக்கு இடையே அமைந்துள்ளது. ஏறத்தாழ சித்திரை முதல் ஆடி முடிய, உச்சிப் பொழுதில் சூரியன் நமக்குச் சற்று வடக்கேயும், மற்ற மாதங்களில் தெற்கேயும் நிற்கின்றது. ஆகையால் வடநாட்டில் வேண்டியதுபோல் அதிகச் சாய்வு இங்கே தேவையில்லை. தெற்கு நோக்கி 10 முதல் 15 பாகை சாய்வு போதும். சாய்வே இல்லாமல் கிடையாக வைத்தால் மழை நீர் தேங்கிக் கீழ் விளிம்பில் சேறு படியும். ஆகவே 10 பாகைக்குக் குறையாதிருப்பது நலம். தெற்கு நோக்கிய கூரை இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. சாய்வு குறைவாக இருக்குமாயின், கிழக்கு அல்லது மேற்கு நோக்கி வைப்பதால் ஏற்படும் குறைவு சில சதவிகிதமே.

சூடு

வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறும் என்று பலர் எண்ணுகின்றனர். ஒளிதான் மின்சாரத்தைத் தருகின்றது. சூடு அதனைக் குறைக்கின்றது. தகட்டின் உஷ்ணம் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் அதன் திறனில் 0.3 முதல் 0.4 சதவிகிதம் வரை குறைகின்றது. கோடை நண்பகலில் தகடு 60 டிகிரி வரை காய்வது சாதாரணம். அப்போது நூற்றுக்கு 10 முதல் 14 பங்கு வரை இழப்பு ஏற்படுகின்றது. கத்திரி வெயிலில் மின்சாரம் எதிர்பார்த்த அளவு கூடாமலிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்குப் பரிகாரம் காற்றோட்டமே. மொட்டை மாடியில் தகடுகளைத் தரையை ஒட்டி வைக்காமல் கால் ஊன்றி உயர்த்தி வைக்க வேண்டும். தகரக் கூரையிலும் ஓட்டுக் கூரையிலும் தகட்டுக்கும் கூரைக்கும் இடையே குறைந்தது அரை அடி இடைவெளி விட்டு, மேல் கீழ் இரு ஓரங்களையும் அடைக்காமல் விடவேண்டும். மாடித் தரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் தரையின் சூடு தணியும். இருபுறமும் ஒளியை ஏற்கும் புதுவகைத் தகடுகளாக இருப்பின், வெள்ளைத் தரையிலிருந்து எதிரொளிக்கும் ஒளியும் உற்பத்திக்கு உதவும்.

தூசி

மண் சாலையோரத்திலும், செங்கற் சூளை, கல்லுடைக்கும் இடம், நெல் அடிக்கும் களம் ஆகியவற்றின் அருகிலும் உள்ள தகடுகள் விரைவில் மங்கிப்போகின்றன. பறவை எச்சம் தூசியினும் தீயது. அது விழுந்த இடத்தில் நிழல் விழுந்ததற்கு ஒப்பான தீங்கு விளைகின்றது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் நிலையத்தில் சுமார் 25 இலட்சம் தகடுகளைத் துடைப்பதற்கென்றே தானியங்கும் இயந்திரங்கள் ஏற்பாடு செய்யப்பட்டன. துடைக்கும் வேலைக்கு எவ்வளவு முக்கியத்துவம் தரப்படுகின்றது என்பதை இதனால் அறியலாம். கிராமத்தில் ஒரு வாளி நீரும் மெல்லிய துணியுமே போதும்.

ஆனால் முறை தவறக்கூடாது. சூரியன் ஏறுவதற்கு முன் விடியற்காலையில்தான் கழுவ வேண்டும். காய்ந்த கண்ணாடியின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் கண்ணாடிக்குக் கேடு வரும். உப்பு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீர் காய்ந்தபின் வெள்ளைத் திட்டாகப் படியும். அத்தகைய ஊர்களில் மழை நீரையோ நல்ல குடிநீரையோ உபயோகிக்க வேண்டும். சலவைத் தூளும் கம்பிப் பிரஷும் ஆகா. தகட்டின் மேல் காலை வைத்து ஏறக்கூடாது. கண்ணாடி விரிந்த தகட்டை நீர்க்கையால் தொடுவது உயிருக்கே ஆபத்து. அதனைப் பயிற்சி பெற்ற மின் பணியாளரிடம் விடவேண்டும்.

கிணற்று மேட்டில்

சூரிய பம்பு செட் வைத்திருக்கும் விவசாயிக்கு மேற்சொன்னவற்றோடு மேலும் சில விஷயங்கள் உண்டு. பல பம்பு செட்டுகளில் தகடுகளைக் கையால் திருப்பும் வசதி இருக்கின்றது. காலையில் கிழக்காகவும், நண்பகலில் வானத்தை நோக்கியும், பிற்பகலில் மேற்காகவும் திருப்பினால், பம்பு காலையில் விரைவில் ஓடத் தொடங்கி மாலையில் தாமதித்து நிற்கும். இவ்வசதி இருந்தும் தகட்டை ஒரே திசையில் விட்டுவிடுவது, கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமல் விடுவதாகும். தகட்டிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் கம்பி மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் வழியிலேயே மின்சாரம் வீணாகும். ஆகவே தகுந்த கனமுள்ள கம்பியைக் கேட்டுப் பெறவேண்டும்.

இதனினும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. பயிருக்கு நீர் தேவைப்படாத நாட்களில் தகடு வெயிலில் சும்மா காய்ந்து நிற்கின்றது. குஜராத்தில் கேடா மாவட்டத்திலுள்ள டுண்டி கிராமத்து விவசாயிகள் சிலர் 2016-இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தங்கள் சூரிய பம்பு செட்டுகளை மின் வாரியக் கம்பியோடு இணைத்து, எஞ்சிய மின்சாரத்தை விற்றனர். அதனால் நீரை வீணாக இறைப்பதற்குப் பதில் மின்சாரமாக விற்பதே லாபம் என்ற நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. குசும் திட்டத்தின் ஒரு பிரிவும் இந்த நோக்கத்தோடு வகுக்கப்பட்டதே. இணைப்பு வசதி இல்லாத இடங்களில் ஒரு நீர்த்தொட்டி கட்டிச் சொட்டு நீர்ப் பாசனத்தோடு இணைப்பது நலம். செலவின்றிக் கிடைக்கும் மின்சாரம் என்று நாள் முழுதும் இறைத்தால், நாளை கிணற்றில் நீரே இராது என்பதை மறத்தலாகாது.

விளைநிலத்தில்

இனி, பஞ்சாயத்துக்கள் மிகவும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய விஷயத்துக்கு வருவோம். தரையில் அமைக்கும் ஒரு மெகாவாட் நிலையத்துக்குச் சுமார் 4 முதல் 5 ஏக்கர் நிலம் வேண்டும். தகடுகளைத் தாழ்வாக நெருக்கி வைத்தால் அந்நிலத்தில் பயிர் இராது. களையெடுக்கவும் அறுக்கவும் சென்ற கூலியாட்களுக்கு வேலையும் இராது. ‘தரிசு’ என்று ஏட்டில் எழுதப்பட்ட நிலமும் உண்மையில் பலருடைய ஆடு மாடுகளுக்கு மேய்ச்சல் இடமாக இருப்பதுண்டு. எனவே, மின்சாரத்தையும் பயிரையும் ஒரே நிலத்தில் பெறமுடியுமா என்பதே கேள்வி.

முடியும் என்று பல நாடுகளின் அனுபவம் காட்டுகின்றது. தகடுகளை உயர்த்தி, இடைவெளி விட்டு அமைத்து, அடியில் உருளைக்கிழங்கு பயிரிடலாம் என்னும் யோசனையை 1981-இல் ஜெர்மானிய விஞ்ஞானிகளான கோட்ஸ்பெர்கரும் சாஸ்ட்ரோவும் வெளியிட்டனர். ஜப்பானில் அகிரா நாகஷிமா 2004-இல் இத்தகைய அமைப்பை உருவாக்கினார். ஜப்பானிய அரசாங்கம் 2013-இல் விளைநிலங்களில் இதற்கு அனுமதி அளித்தபோது, அக்கம்பக்கத்து நிலங்களின் சராசரி மகசூலில் நூற்றுக்கு 80 பங்குக்குக் குறையக்கூடாது என்று நிபந்தனை விதித்தது. பயிரைப் பெயருக்கு வைத்துக்கொண்டு நிலத்தை மின் நிலையமாக்கிவிடாதபடி தடுத்த இந்த நிபந்தனை, நாமும் கருத்தில் கொள்ளத்தக்கது.

ஜெர்மனியின் தென்பகுதியில் ஹெகல்பாக் என்னுமிடத்தில் 2016-இல் 5 மீட்டர் உயரத்தில் 194 கிலோவாட் தகடுகள் அமைக்கப்பட்டன. 2017-இல் தகடுகளின் கீழ் கோதுமை, உருளைக்கிழங்கு முதலியவற்றின் மகசூல் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. ஆனால் 2018-இல் கடும் வெயிலும் வறட்சியும் நிலவியபோது, அதே தகடுகளின் நிழலில் உருளைக்கிழங்கு திறந்தவெளி வயலைவிட 11 சதவிகிதம் அதிகமாக விளைந்தது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனப் பகுதியில் நடந்து 2019-இல் வெளியான ஆராய்ச்சியில், சிறு தக்காளியின் காய்ப்பு இருமடங்காயிற்று. ஒருவகைக் காட்டு மிளகாய் மும்மடங்கு காய்த்தது. பயிர் நீராவி விட்டதால் தகடுகளும் பகலில் சுமார் 9 டிகிரி குளிர்ந்திருந்தன. நாம் முன்பு கண்ட கணக்கின்படி, இதனால் மின்சாரமும் ஏறத்தாழ 3 சதவிகிதம் கூடும். வறண்ட, வெப்பம் மிகுந்த இடத்தில் அளவான நிழல் பயிருக்கும் தகட்டுக்கும் ஒருங்கே நன்மை செய்கின்றது என்பது இவற்றால் புலப்படும்.

நிழலில் பயிர் செய்வது நமக்குப் புதியதன்று. வெற்றிலைக் கொடிக்கால் வைப்போர் அகத்தியை வளர்த்து, அதன் நிழலிலேயே கொடியைப் பேணுகின்றனர். தென்னந்தோப்பில் ஊடுபயிராக மஞ்சளும் வாழையும் வைக்கின்றோம். ஆயினும் எல்லாப் பயிரும் நிழலைப் பொறுப்பதில்லை. கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு ஆகியவை முழு வெயிலையும் பயன்படுத்தி வளர்பவை. இவற்றைத் தகட்டின் அடியில் வைத்தால் மகசூல் குறையும். மஞ்சள், இஞ்சி, கீரைகள், வெற்றிலை போன்றவை அளவான நிழலுக்கு ஏற்றவை. வெளிநாட்டு மகசூல் கணக்கு நமது மண்ணுக்கு அப்படியே பொருந்திவிடாது. ஆகவே ஓரிரு பருவம் சிறு பரப்பில் பயிரிட்டுப் பார்த்தே விரிவுபடுத்த வேண்டும்.

அமைக்கும் முறையில் கவனிக்க வேண்டியவை வருமாறு. டிராக்டர் ஓட்டுவதாயின் அது தடையின்றிச் செல்லும் உயரம் வேண்டும். வரிசைகளிடையே போதிய இடைவெளி விட்டால், நிழல் ஓரிடத்தில் நில்லாமல் பொழுதோடு நகர்ந்து எல்லாச் செடிகளுக்கும் வெயில் கிடைக்கும். மழை நீர் தகட்டின் கீழ் விளிம்பிலிருந்து ஒரே கோட்டில் விழுந்து மண்ணை அரிக்குமாதலால், அக்கோட்டில் சிறு வாய்க்கால் அமைத்து நீரைக் குட்டைக்குத் திருப்பலாம். உயர்ந்த அமைப்புக்கு இரும்பும் அடித்தளமும் அதிகம் வேண்டும். அதனால் செலவும் கூடும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் தென்னைகளைச் சாய்த்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய காற்றுக்கு ஈடுகொடுக்கும் உறுதியைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்துவது பெருந்தவறாகும். உயர்த்த இயலாத இடங்களில் புல் வளர்த்துச் செம்மறி ஆடுகளை மேய விடலாம். வெள்ளாடுகளோ தகட்டின் மேல் தாவும், கம்பியையும் கடிக்கும்.

நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வருவோரிடம் கையெழுத்திடுமுன், எந்தப் பயிருக்கு எவ்வளவு இடம் விடப்படும், 25 ஆண்டுகளுக்குப் பின் தகடுகளையும் கான்கிரீட்டையும் அகற்றுவது யார் பொறுப்பு, மேய்ச்சலுக்கு மாற்றிடம் எது, வேலை உள்ளூராருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பவற்றை எழுத்து மூலம் பெறுவது அவசியம். இவற்றைக் கேட்பதற்குக் கிராம சபையே தகுந்த இடம்.

நீரின் மேல்

நிலத்தைச் சிறிதும் எடுத்துக்கொள்ளாத வழியும் உண்டு. குஜராத்தின் மெஹ்சானா மாவட்டம் சந்திராசன் கிராமத்தருகே 2012-இல் நர்மதைக் கிளைக் கால்வாயின் மேல் சுமார் 750 மீட்டர் நீளத்துக்குத் தகடுகள் பரப்பி ஒரு மெகாவாட் நிலையம் அமைக்கப்பட்டது. நீர் ஆவியாவது குறைகின்றது, தகடும் குளிர்ந்திருக்கின்றது. ஆயினும் கால்வாயைத் தூர் வாரவும், அமைப்பைத் தாங்கவும் செலவு கூடுதல் ஆகும். மீன்பிடி உரிமையும் கால்நடைகள் நீர் அருந்தும் துறையும் உள்ள நமது ஏரி குளங்களில் இதனைச் செய்யுமுன் ஊராரின் சம்மதம் பெறவேண்டும்.

கணக்கு நோட்டு

தகடு நன்கு வேலை செய்கின்றதா என்பதை அறிய ஒரு நோட்டுப் புத்தகமே போதும். இன்வெர்ட்டரில் காட்டும் யூனிட்டை மாதம் ஒருமுறை, ஒரே தேதியில் குறித்து வரவேண்டும். ஓர் உதாரணம் கூறுவோம். பஞ்சாயத்து அலுவலகத்தில் 5 கிலோவாட் அமைப்பு இருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 20 யூனிட் வீதம் மாதம் 600 யூனிட் கிடைக்க வேண்டும். நோட்டில் 450 யூனிட் என்று இருந்தால் மாதம் 150 யூனிட், ஆண்டுக்கு 1,800 யூனிட் நஷ்டம். மழை மாதங்களில் குறைவது இயல்பே. ஆகவே சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவது சிறந்தது. தகடு முதுமையடைவதால் ஏற்படும் குறைவு ஆண்டுக்கு அரை சதவிகித அளவே. ஒரே ஆண்டில் பத்துப் பங்கு குறைந்தால் அது முதுமையால் அன்று.

குறைவு தென்பட்டால் முதலில் தூசியையும் எச்சத்தையும் பார்க்க வேண்டும்; அதற்குச் செலவே இல்லை. அடுத்துப் புதிதாக வளர்ந்த கிளையோ, எழுந்த சுவரோ நிழல் தருகின்றதா என நோக்க வேண்டும். பிறகு தளர்ந்த இணைப்பு, எலி கடித்த கம்பி, இன்வெர்ட்டர் பழுது ஆகியவற்றை மின் பணியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். மின் வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு, மின் தடையின்போது பணியாளர் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். பேட்டரி இல்லாதவிடத்து இதனைப் பழுதென எண்ணலாகாது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில் வரவு செலவுக் கணக்கோடு இந்த யூனிட் கணக்கையும் படிக்கும் வழக்கத்தைப் பஞ்சாயத்துக்கள் மேற்கொள்ள வேண்டுகிறோம். தகடுகளின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுவதைவிட, ஒவ்வொரு தகடும் தந்த யூனிட்டைச் சொல்வதே பொதுப் பணத்துக்கு நாம் காட்டும் பொறுப்பாகும். அவ்வாறு கணக்கிட்டுப் பார்த்து, இருப்பவற்றை முழுதும் பயன்படுத்திய பின்னரே புதிய தகடுகளுக்கு இடம் தேடுவோமாக. அப்போது அந்த இடம் மொட்டை மாடியாயினும் வயலாயினும், வெயிலின் பயனும் மண்ணின் பயனும் ஊருக்கே சேரும்.